இரவில் மட்டும் ஏறிய முள்

அந்த நாட்களில் திம்பம் மலையில் இரவில் ஏறும்போது லாரியின் ஜன்னலைத் திறந்துவைக்க முடியாது. பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டுகிற இடத்தில் இருக்கும் புழுக்கம், வளைவுக்கு வளைவு குறைந்துகொண்டே போகும். 27 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து உச்சிக்கு வந்தால் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருப்போம். அந்தக் குளிரில்தான் அந்த லாரி சூடேறியது. சித்திரை வெயிலில், உச்சிப்பொழுதில், அதே சிமெண்ட் லோடை ஏற்றிக்கொண்டு அதே மலையில் ஏறினால் ஹீட் மீட்டரின் முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் போய் நிற்கும். இரவில் ஏறினால் பாதி மலைக்குள்ளேயே சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும்.

1996ஆம் ஆண்டு இந்தப் புகாரோடு அந்த வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. சங்ககிரியில் நெடுஞ்சாலை ஓரம் ஓர் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறையில் நான் வேலை பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் லாரியைத் தொடாத பேச்சு கிடையாது. சங்ககிரியில் லாரி வைத்திருப்பவர்கள், நாமக்கல்லில் பாடி கட்டுகிறவர்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிக்காரர்கள். அதனால் ஒரு வண்டி எங்கே எந்தக் கோளாறோடு நின்றது என்ற செய்தி, வண்டி ஊர் வந்து சேர்வதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். இந்த வண்டியின் கதையும் எங்களுக்கு முன்னாலேயே தெரியும்.

வண்டி எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. இரண்டு பேட்டரி, 24 வோல்ட். கைமாறிக் கைமாறி இந்த ஓனரிடம் வந்திருந்தது. அவருக்கு இருந்தது இந்த ஒரு வண்டிதான். முள் சிவப்புக்குப் போகிறது என்று டிரைவர் சொன்ன நாளிலிருந்து அவர் செலவு செய்துகொண்டே இருந்தார். ரேடியேட்டரை இறக்கி, மேல்தொட்டியைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டு அடைப்பு எடுத்தார்கள். வாட்டர் பம்ப் புதிது. ஃபேன் பெல்ட் புதிது. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூக்கிப் போட்டாயிற்று. ஹெட்டில் இருக்கும் டெம்பரேச்சர் யூனிட்டை மாற்றினார்கள். அது மட்டமான சரக்கோ என்று சந்தேகப்பட்டு வேறொன்றும் மாற்றினார்கள். முள் மட்டும் இரவானால் சிவப்புக்குப் போனது. கடைசியாகப் பார்த்த மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட், வால்வு வேலை, லேத்துக்கூலி என்று அது தனிச் செலவாகப் போகும். அதற்குக் கையில் பணம் இல்லாத நிலையில்தான், எலக்ட்ரீசியனிடம் ஒருதரம் காட்டிவிடலாம் என்று ஓனருக்குத் தோன்றியிருக்கிறது.

டிரைவரண்ணனுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. முள் சிவப்பைத் தொட்டால் அவர் வண்டியை நிறுத்திவிடுவார். மலையில் லோடு வண்டியை நிறுத்துவது சமவெளியில் நிறுத்துவது போன்றதல்ல. கிளீனர் பையன் இறங்கி ஓடி பின்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். இன்ஜினை அணைக்காமல் ஓடவிட்டு முள் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அந்த ஏற்றத்தில் ஒன்றாவது கியரில் வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச் தீயும் வாடை வரும். யானை நடமாடும் காடு அது. வீரப்பன் பெயரைச் சொல்லாமல் யாரும் அந்த மலையைப் பற்றிப் பேசாத காலமும்கூட. இருட்டில், சாலையோரம், ஒரு முள் இறங்குவதற்காகக் காத்திருப்பது என்ன பாடு என்பதை அவர் குரலே சொன்னது.

எங்கள் பட்டறை மேஸ்திரி வண்டியைத் தொடவில்லை. முதலில் டிரைவரண்ணனுக்கு டீ சொல்லிவிட்டுக் கேள்விகள் கேட்டார்.

“தண்ணி கொதிச்சுதுங்களா?”

“இல்லீங்க. முள்ளு மட்டுந்தான் போகுது.”

“மேல் ஹோஸ அமுக்கிப் பாத்தீங்களா?”

“பாத்தனுங்க. கல்லாட்டம் ஒண்ணும் இல்ல. எப்பவும்போலத்தான் இருந்துச்சு.”

“காலைல தண்ணி கொறையுதுங்களா? ஆயில் வெள்ளையா இருக்குதுங்களா?”

“ரெண்டும் இல்லீங்க.”

“எப்பருந்து இப்படி?”

அவர் யோசித்தார். “எஃப்.சி. காட்டிட்டு வந்ததிலருந்துங்க.”

மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டார். அவருடைய வழக்கம் அது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வண்டி ஓட்டுகிறவனை முழுசாகப் பேசவிடுவார். வண்டியோடு இரவும் பகலும் இருக்கிற ஆளுக்குத் தெரியாதது மூன்று மணி நேரம் பார்க்கிற நமக்குத் தெரிந்துவிடாது என்பார். பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. டிரைவர் வாயைத் திறக்கும்போதே “யூனிட் போயிருக்கும், மாத்திரலாம்” என்று ஒருவர் கடைக்கு ஆள் அனுப்பிவிடுவார். பழைய சாமான் ஒன்றைக் கழற்றிப் புதுச் சாமான் ஒன்றைப் போடுவதைக் கோளாறு பார்ப்பது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஹீட் மீட்டர் சூட்டை அளப்பதில்லை. அதற்குத் தெரிந்தது மின்சாரம் மட்டும். இன்ஜின் ஹெட்டில் தண்ணீர் ஓடும் வழியில் பித்தளை போல்ட் மாதிரி திருகியிருக்கும் யூனிட்டுக்குள் ஒரு சின்ன வில்லை இருக்கிறது. சூடேறினால் அதன் மின்தடை குறையும். அந்தக் காலத்தில் எங்கள் கைக்கு வந்த யூனிட்டுகள், ஆறிய நிலையில் சில நூறு ஓம் காட்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் சில பத்து ஓமுக்கு இறங்கிவிடும். செம்புக் கம்பி சூடேறினால் தடை கூடும், இந்த வில்லை மட்டும் ஏன் தலைகீழாக நடந்துகொள்கிறது என்று எனக்கு அப்போதே கேள்வி இருந்தது. மைக்கேல் ஃபாரடே 1833இல் சில்வர் சல்ஃபைடில் இதே குணத்தைக் கவனித்து எழுதிவைத்தார் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது, எங்கள் பட்டறை மேசையில் கிடந்த அந்தப் பித்தளைத் துண்டின் மேல் மரியாதை கூடியது.

யூனிட்டிலிருந்து ஒரே ஒரு ஒயர் மீட்டருக்குப் போகும். யூனிட்டின் மறுமுனை அதன் உடம்புதான். அது இன்ஜின் வழியாக எர்த் ஆகிவிடும். யூனிட்டைத் திருகும்போது லீக் ஆகாமலிருக்க மரைக்கு டெஃப்லான் டேப்பை நிறையச் சுற்றிவிட்டால், அந்த எர்த்தே கெட்டு முள் எழும்பாமல் படுத்துவிடும். அப்படி வந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

பட்டறையில் செய்கிற சோதனை நேரானது. சாவியைப் போட்டு, யூனிட்டின் ஒயரைக் கழற்றினால் முள் குளிர்ப்பக்கம் போய்ப் படுக்க வேண்டும். கழற்றிய ஒயரை ஒரு சின்ன பல்பு வழியாக இன்ஜின் உடம்பில் தொட்டால் முள் சூட்டுப்பக்கம் எழும்ப வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நல்லவை. இந்த வண்டியில் இரண்டும் நடந்தன. யூனிட்டைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு ஓம் பார்த்தோம். அதுவும் சரி. தண்ணீர் மட்டம் சரி. ஏர் லாக் இல்லை. வண்டியை ஒருமணி நேரம் ஓடவிட்டோம். முள் நடுவில் நின்றது. பகல் வெளிச்சத்தில் அந்த வண்டிக்கு எந்த நோயும் இல்லை.

மேஸ்திரி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய டிராக்டர் மீட்டரை எடுத்தார். அது மின்சாரத்தில் ஓடுவதல்ல. ஒரு பித்தளைக் குமிழ். அதிலிருந்து மெல்லிய செம்புக்குழாய். குழாயின் முனையில் மீட்டர். குமிழுக்குள் ஈதர் இருக்கும். சூடேறினால் அதன் ஆவியின் அழுத்தம் கூடி, மீட்டருக்குள் வளைத்து வைத்திருக்கும் தட்டைக் குழாயை நிமிர்த்தும். அந்த நிமிர்வு முள்ளைத் தள்ளும். அந்த வளைந்த குழாய்க்கு யூஜின் பூர்தோன் பாரீஸில் 1849இல் காப்புரிமை வாங்கினார். ஒயர் இல்லை, எர்த் இல்லை, பேட்டரி இல்லை. குழாய் நசுங்காதவரை அது பொய் சொல்ல வழியில்லை. எதிர் டீக்கடை பாய்லரிலிருந்து கொதிநீர் வாங்கி வந்து குமிழை முக்கினோம். முள் 100க்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

ஹெட்டில் தண்ணீர் வழியை அடைத்திருந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் அடாப்டர் வைத்துக் குமிழைப் பொருத்தினார் மேஸ்திரி. செம்புக்குழாயை மடங்காமல் கேபினுக்குள் கொண்டுவந்து, மீட்டரை டேஷ்போர்டில் பழைய மீட்டருக்குப் பக்கத்திலேயே கம்பியால் கட்டினார். பிறகு என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார்.

“கண்ணு, நீ கூடப் போ. கால்மணிக்கு ஒருக்கா எல்லா முள்ளையும் எழுது. ஆயில், ஆம்பியர், டீசல், ஏர், எல்லாம். நமக்கு எதுக்குன்னு ஒண்ணையும் விட்றாத. வழியில எது மாறுனாலும் எழுது.”

சாயங்காலம் லோடு ஏற்றிக் கிளம்பினோம். குமாரபாளையம், பவானி, கோபி, சத்தியமங்கலம். கோபிக்கு முன்னாலேயே இருட்டிவிட்டது. வழியெல்லாம் இரண்டு ஹீட் மீட்டரும் கிட்டத்தட்டச் சேர்ந்தே போயின. பழையது மட்டும் இருட்டிய பிறகு கொஞ்சம் முன்னால் நின்றது. பண்ணாரியில் டிரைவரண்ணன் இறங்கிச் சூடம் கொளுத்தினார், டயர்களைத் தட்டிப் பார்த்தார், கேனில் தண்ணீர் பிடித்துவைத்தார். அவர் செய்த ஒவ்வொன்றிலும் இந்த மலை நம்மை நிறுத்தும் என்ற முடிவு இருந்தது.

ஏற ஆரம்பித்தோம். லோடு வண்டி அந்த வளைவுகளில் நடந்துபோகிறவனின் வேகத்துக்குக் குறைந்துவிடும். எதிரிலிருந்து வரும் காற்று ரேடியேட்டருக்குப் போதாது. ஃபேன் இழுக்கிற காற்றுதான் எல்லாம். அதனால் இன்ஜின் உண்மையாகவே கொஞ்சம் சூடாகும், ஆக வேண்டியதுதான். டிராக்டர் மீட்டர் 85ஐ விட்டு மெல்ல நகர்ந்து 90க்கு வந்தது. பக்கத்தில் இருந்த பழைய மீட்டரோ சிவப்பை நோக்கி நடந்தது. ஒன்பது பத்து வளைவு தாண்டியதும் அதன் முள் சிவப்பின் ஓரத்தில் நின்றது. டிராக்டர் மீட்டர் 92. ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்கும் மூடி. அரை பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் 110 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மலை உயரம் அதில் சில டிகிரிகளைக் குறைத்தாலும், 92இல் பயப்பட ஒன்றும் இல்லை.

டிரைவரண்ணனின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. நான் டிராக்டர் மீட்டரைக் காட்டினேன். அவர் அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார். “எதை நம்பறது தம்பி?” என்றார். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் நிறுத்தவில்லை. ஆனால் உச்சி வரும்வரை அவர் கண் அந்தச் சிவப்பை விட்டு எடுபடவும் இல்லை.

நோட்டில் எழுதியவற்றில் ஒன்று எனக்கு விசித்திரமாகப் பட்டது. டீசல் முள் முக்கால் டேங்கில் இருந்தது, வண்டி ஓட ஓடக் கூடியிருந்தது. கேட்டதற்கு டிரைவரண்ணன், “அது அப்படித்தான். மேடு ஏறும்போது டேங்குல டீசல் பின்னால சாயும், கூடக் காட்டும்” என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுதிவைத்தேன்.

ஊர் திரும்பியதும் மேஸ்திரி நோட்டை வாங்கி, ஹீட் மீட்டர் பக்கமே போகாமல் டீசல் வரிசையை மட்டும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் கோபிக்கு முன்னால் நின்றது. மலை அங்கிருந்து வெகுதூரம். சாலை சமம். அங்கேயே டீசல் முள் ஏறியிருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் என் கையெழுத்தில் இருந்தது: லைட் போட்டாச்சு.

“டேங்க் சாயல” என்றார். “வா.”

வண்டியை நிழலில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், பார்க்கிங் லைட், கேபின் முகப்பில் பேர்ப்பலகை லைட், முருகன் படத்தைச் சுற்றியிருந்த சின்ன பல்புகள் எல்லாவற்றையும் போடச் சொன்னார். ஹீட் முள்ளும் டீசல் முள்ளும் ஒன்றாக எழும்பின. அணைத்தால் ஒன்றாக இறங்கின. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவில் வைத்து மறுமுனையை மீட்டர் போர்டின் எர்த்தில் தொட்டார். லைட் அணைந்திருந்தபோது ஏறக்குறைய ஒன்றுமில்லை. லைட் போட்டதும் 2 வோல்ட்.

இரண்டு மீட்டருக்கும் பொதுவாக இருப்பது இரண்டுதான்: சாவியிலிருந்து வரும் பாசிட்டிவ், மீட்டர் போர்டின் எர்த். இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால் யூனிட்டில் தேடிப் பயனில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துத் தேடினேன். எஃப்.சி.க்காக, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்காக, கேபினைப் பிரித்துப் பெயின்ட் அடித்தவர்கள், மீட்டர் போர்டின் எர்த் ஒயரோடு கேபின் அலங்கார லைட்டுகளின் எர்த்தையும் ஹெட்லைட்டின் எர்த்தையும் ஒரே லக்கில் சேர்த்து, புதுப் பெயின்டின் மேலேயே போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். போல்ட் மரையில் எங்கோ ஒரு ஓரத்தில் மட்டும் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தன.

கணக்கு எளிது. அந்தத் தொடுகையின் தடை 0.3 ஓம் என்று வையுங்கள். மீட்டர்கள் இழுக்கும் கொஞ்ச மின்சாரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் பகலில் எல்லாச் சோதனையிலும் தேறியது. 24 வோல்ட்டில் இரண்டு 70 வாட் பல்புகள் 6 ஆம்பியர் இழுக்கும். 6ஐ 0.3ஆல் பெருக்கினால் 1.8 வோல்ட். மேலே முருகன் படத்து பல்புகளும் பேர்ப்பலகையும். மீட்டர் போர்டு தன்னுடைய எர்த் பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டிருக்க, அது உண்மையில் 2 வோல்ட் மேலே நின்றது. மீட்டருக்குள் இரண்டு காயில். ஒன்று முள்ளைச் சூட்டுப்பக்கம் இழுக்கும், மற்றது குளிர்ப்பக்கம். குளிர்ப்பக்கக் காயில் யூனிட் முனைக்கும் மீட்டர் போர்டு எர்த்துக்கும் நடுவில் இருக்கிறது. எர்த் மேலே எழும்பினால் அந்தக் காயிலின் பலம் குறையும். முள் சூட்டுப்பக்கம் சாயும்.

மலையில் மட்டும் ஏன் சிவப்பு வரை போனது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக யூனிட் முனையின் வோல்ட் இறங்கும். 8 வோல்ட் இருக்கும்போது 2 போனால் கால்பங்குதான் நட்டம். 4 வோல்ட் இருக்கும்போது 2 போனால் பாதி போய்விடும். இன்ஜின் உண்மையாகக் கொஞ்சம் சூடான நேரத்தில்தான் பொய்யும் பெரிதானது. இதை மேஸ்திரி ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் படம் போட்டு விளக்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மின்சாரம் என்ற பாடத்தை நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது அந்த அட்டையில்தான்.

லக்கைக் கழற்றி, பெயின்டை உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தோம். பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே வாசலைன் தடவினோம். லைட்டுகளின் எர்த்தைத் தனியாகப் பிரித்துச் சேசிஸில் கட்டினோம். மீட்டர் போர்டிலிருந்து பேட்டரி நெகடிவுக்குத் தனி ஒயர் இழுத்தோம். ஒயருக்கும் லக்குக்கும் ஆன செலவு, ரேடியேட்டரை ஒருமுறை இறக்கி ஏற்றும் கூலியில் ஒரு சின்னப் பங்குகூட இல்லை. ஓனர் பேசாமல் நின்றார். பிறகு கழற்றிப் போட்ட பழைய வாட்டர் பம்ப் எங்கே என்று டிரைவரண்ணனிடம் கேட்டார்.

வேலை அதோடு முடியவில்லை. தூக்கிப் போட்ட தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொன்னார் மேஸ்திரி. இதற்கு டிரைவரண்ணன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. வால்வை எடுத்தால் இன்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்பது எங்கள் பக்கத்து டிரைவர்கள் பலருடைய நம்பிக்கை. 80 டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டிய வால்வு அது. அது இல்லாவிட்டால் சமவெளியில், மழைக்காலத்தில், டீசல் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கே வராது. டீசல் முழுதாக எரியாது, ஆயில் கெடும், சிலிண்டர் சுவர் தேயும். அந்த நட்டம் எந்த முள்ளிலும் தெரியாது என்பதால்தான் அந்த நம்பிக்கை இன்னும் சாகவில்லை.

டிரைவரண்ணன் அந்த முள்ளைத் திரும்ப நம்ப வேண்டும் என்று மேஸ்திரி அவ்வளவு பாடுபட்டதற்கும் காரணம் உண்டு. வேறொரு வண்டியில் பொய் சொல்லும் மீட்டர் ஒன்றைப் பழகிக்கொண்ட டிரைவர், “அது சும்மா காட்டும்” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஒருநாள் கீழ் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுதும் கொட்டிவிட்டது. தண்ணீர் இல்லாத ஹெட்டில் யூனிட் ஆவியில் தொங்கியது. ஆவியிலிருந்து யூனிட்டுக்குச் சூடு சரியாக ஏறாது. முள் கொஞ்சம் துள்ளிவிட்டுக் கீழே இறங்கியது. அவர் அதையும் சும்மா என்றே எடுத்துக்கொண்டார். ஹெட் விரிசல் விட்டு, பிஸ்டன் ஜாம் ஆகி வண்டி நடுச்சாலையில் நின்றது. அந்த வண்டியின் ஓனர் அதற்குப் பிறகு வண்டி வாங்கவில்லை. எங்கள் டிரைவரண்ணன் நிறுத்தி நிறுத்தி ஏறியவரைக்கும் ஆபத்தில்லை. இன்னும் சில மாதம் போயிருந்தால் அவரும் சிவப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பார். “மலைல அன்னிக்கு ராத்திரி நீ அவர அதுக்குத்தான் பழக்கிட்டிருந்த” என்று மேஸ்திரி என்னிடம் சொன்னபோது, டிராக்டர் மீட்டர் கூட இருந்ததன் அருமை புரிந்தது.

அந்த மீட்டரைக் கழற்ற டிரைவரண்ணன் விடவில்லை. ஓனர் புதிதாக ஒன்று வாங்கி எங்கள் இழுப்பறைக்குக் கொடுத்தார். அடுத்த தடவை இரவில் திம்பம் ஏறிவிட்டு வந்தவர், இரண்டு முள்ளும் மேலே போகும்வரை சேர்ந்தே இருந்தன என்று பட்டறை வாசலிலேயே வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது பி.எஸ். 6 வண்டிகள் வருகின்றன, 2020 ஏப்ரலுக்குப் பிறகு. யூனிட் சொல்வதை முதலில் ஒரு கம்ப்யூட்டர் கேட்டு, அதன் பிறகே முள்ளுக்குச் சொல்கிறது. ஸ்கேனர் வைத்தால் தண்ணீர் எத்தனை டிகிரி என்று எண்ணாகவே வந்துவிடும். எர்த் மட்டும் இன்னும் ஒரு லக், ஒரு போல்ட், அடியில் ஒரு இரும்புத் தகடு. பழைய வண்டி எதுவானாலும் ஹீட் மீட்டர் புகாரோடு என் பட்டறைக்கு வந்தால், லைட் எல்லாவற்றையும் போடச் சொல்லிவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவில் வைக்கிறேன். மீட்டர் போர்டில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைச் சரிசெய்யும்வரை ரேடியேட்டர் பக்கம் யாரையும் விடுவதில்லை.